மூலை வீட்டு ரோஜா

அம்மா,

இன்று காலை முதலில் என் கண்ணில் பட்டது கூடைக்காரம்மாவின் ஒயர் கூடைப் பிடி. பிடி கையை அறுக்கிறது என்று அந்த அம்மா ஒரு நாள் சொன்னதும், நீதான் உன் ஊதாச் சேலையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து அதில் சுற்றிக் கட்டிக் கொடுத்தாய். சாயம் முழுக்கப் போய்விட்டது. முடிச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. நீ போய்ப் பதினோரு மாதமாகிறது.

'கூடைக்காரம்மா' என்று நாம் இருவரும் வைத்த பெயர் அவருக்கு இன்றைக்கும் தெரியாது. விடிந்ததும் ஒரு கையில் கூடை, மறுகையில் நுனியில் கம்பி வளைத்துக் கட்டிய மூங்கில் குச்சி. எந்த வீட்டுச் சுவருக்கு வெளியே பூ எட்டிப் பார்த்தாலும் அது அவர் வீட்டுச் சாமிக்கு. அவர் மட்டுமா? டாக்டர் வீட்டுச் செம்பருத்தி பேங்க்காரர் வீட்டுக்கு, பேங்க்காரர் வீட்டு நந்தியாவட்டை டாக்டர் வீட்டுக்கு என்று தினமும் காலையில் பூக்கள் வீடு மாறும். யாரும் யாரையும் கேட்டதில்லை. எதிரே பார்த்துவிட்டால், "சாமிக்குத்தானுங்களே" என்று ஒரு சிரிப்பு. அதோடு சரி.

காந்திபுரத்தில் பஸ் ஏறி, அத்தனை புகையும் ஹாரனும் தாண்டி இந்தக் காலனியில் இறங்குகிற விருந்தாளிகள், "அட, ஊருக்குள்ள வந்தாப்ல இருக்குதுங்களே" என்பார்கள். நான் பெருக்கிக்கொண்டே கேட்பேன். இரண்டு பக்கமும் புங்கமரங்கள் கிளை கோத்துத் தெருவை மூடியிருக்கின்றன. மருதமலைப் பக்கமிருந்து மயில்கள் வந்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் நிற்கின்றன. ஒரு வீட்டில் முறுக்குச் சுட்டால் எல்லா வீட்டுக்கும் தட்டில் போகிறது. "சிட்டிக்குள்ள ஒரு கிராமமுங்க இது" என்று வீட்டுக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நம் குடிசை வளவுக்கு அந்த முறுக்கு, மிச்சம் இருந்தால், மூன்றாம் நாள் வரும். நமக்கென்று ஒரு டம்ளர் காம்பவுண்டுச் சுவர்மேல் தனியாகக் கவிழ்ந்திருக்கும். அதுவும் கிராமம் மாதிரியேதான் இருந்தது.

நான் அப்போது ஒன்பதாவது. ஆண்டு விழாவில் வரவேற்புப் பாட்டுக்கு என்னையும் சேர்த்திருந்தார்கள். பின்வரிசைதான், ஆனாலும் மேடை. எல்லாரும் ரெட்டை ஜடை போட்டு ஒரு ரோஜா வைத்து வர வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. எனக்கு எதையும் கேட்க வாய் வராது. "வாயத் தொறந்து பேசு கண்ணு, உள்ளார முத்தா வெச்சிருக்கற?" என்று நீ என் கன்னத்தை இடிப்பாய்.

விழா அன்று காலையிலும் உன்னோடு வாசல் வேலைக்கு வந்தேன். நீ சாணி கரைத்துத் தெளித்துக்கொண்டே முன்னால் போனாய். நான் கோலப்பொடி டப்பாவோடு பின்னால். மூலை வீட்டு ஐயாவின் சுவரைத் தாண்டித் தெருப்பக்கம் ஒரு பன்னீர் ரோஜா தலை நீட்டிக்கொண்டிருந்தது. தினமும் எத்தனையோ பேர் பறிக்கிற செடி. நான் யோசிக்கவே இல்லை. பறித்த பிறகுதான் முள் கிழித்தது தெரிந்தது.

நீ திரும்பிப் பார்த்தாய். "அய்யோ, என்ன காரியம் பண்ணிப்போட்ட கண்ணு!" என்று அதை என் கையிலிருந்து நீ வாங்கவும், திருப்பத்தில் கூடைக்காரம்மா வரவும் சரியாக இருந்தது.

"என்ன அது கையில? ஐயா ஊட்டு ரோஜாவா?"

நீ என்னை உன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாய்.

"கேக்கறனில்ல? பறிச்சது நீயா, உன்ற புள்ளையா?"

"நாந்தானுங்க. புள்ளைக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

"இன்னைக்குப் பூவு. நாளைக்கு எதுல கை வெப்பியோ! உன்னயெல்லாம் சமையக்கட்டு வரைக்கும் உட்டு வெச்சிருக்கறமே, எங்களச் சொல்லோணும்."

அவர் கூடை அன்றைக்கு நிறைந்திருந்தது. வாசல் வாசலாகக் கோலம் போடுகிறவள் நான். எந்தப் பூ எந்த வீட்டுப் பூ என்று ஒவ்வொன்றாக என்னால் சொல்லியிருக்க முடியும். "குடு இப்படி, ஐயாகிட்ட நானே குடுத்துக்கறேன்" என்று உன் கையிலிருந்த ரோஜாவை வாங்கி, அதே கூடையில் மேலாக வைத்துக்கொண்டு போனார். நான் உன் முதுகுக்குப் பின்னால் டப்பாவைப் பிடித்தபடி நின்றேன். 'நான்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். டப்பா மூடியை அழுத்தி அழுத்தி மூடினேன்.

பால் வண்டி வந்து திரும்புவதற்குள் காலனி முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் உன்னைத் திருடி என்று முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த மரியாதை உண்டு. "ஊர்லருந்து எங்கத்தை வந்து தங்கறாங்க, அவங்களே பாத்துக்குவாங்களாம் கண்ணு" என்றார்கள் ஒரு வீட்டில். "வாஷிங் மெஷின் வாங்கப் போறமுங்க" என்றார்கள் இன்னொரு வீட்டில். பேங்க்காரர் வீட்டில் மட்டும், போன தீபாவளிக்குக் காணாமல்போன எவர்சில்வர் போசிப் பாத்திரத்தைப் பற்றி உன்னிடம் விசாரித்தார்கள். அந்த வாரத்துக்குள் உனக்கு வேலை செய்ய ஒரு வீடும் இல்லை.

ரோஜா பறித்த அன்று சாயங்காலம் ஓடைக்கரையில் துணி அலசும்போது கேட்டேன். "ஏம்மா நீ பறிச்சேன்னு சொன்ன?"

"எனக்குப் பேரு கெட்டா நாலு நாளைக்குப் பேசுவாங்க. நீ பள்ளிக்கோடம் போறவ" என்றாய். அவ்வளவுதான். அப்புறம் அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. நான் ரோஜா இல்லாமலேதான் பாடினேன். முன்னால் உயரமான பெண் ஒருத்தி நின்றதால் யாருக்கும் தெரியவில்லை.

நீ சித்தாள் வேலைக்குப் போனாய். காலனிக்குப் பின்னால் இருந்த சோளக்காட்டை மனைகளாகப் பிரித்துக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கல் சுமந்து உன் முழங்கால் வீங்கியது. ஒரு மாதம் கழித்துக் கூடைக்காரம்மா நம் வளவு முனை வரைக்கும் வந்து உன்னைக் கூப்பிட்டார். "பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காத. உன்ற புள்ளைய அனுப்பு. அது சாது, வாயே தொறக்காது. எங்களுக்கும் நம்பிக்கையா இருக்கும்."

நீ என்னைப் பார்த்தாய். நான் உன் முழங்காலைப் பார்த்தேன். முழுப்பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. தலையாட்டினேன்.

பறிக்காதவளை அனுப்பிவிட்டுப் பறித்தவளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார்கள், அம்மா. மூன்று வருஷமாக ஆறு வீட்டில் என் கையில் சாவி கொடுத்துவிட்டுக் கல்யாணம் காட்சிக்குப் போய்வருகிறார்கள். அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

உன்னைக் கொண்டுபோனது மஞ்சள்காமாலை. அதற்கும் ரோஜாவுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. என்னைக் கேட்காமல் என் தப்பை வாங்கிக்கொண்டாய். எந்தப் பள்ளிக்கூடத்துக்காக வாங்கிக்கொண்டாயோ அதுவும் எனக்கு இல்லாமல் போயிற்று. வைதிருப்பார்கள், இரண்டு அடி விழுந்திருக்கும், அழுதிருப்பேன், அன்றோடு முடிந்திருக்கும். நீ குறுக்கே வந்து நின்றாய். நான் வசதியாகப் பின்னால் நின்றுகொண்டேன். உன்மேல் கோபப்படுவது எனக்கு எளிதாக இருக்கிறது, அதனால்தான் படுகிறேனோ என்னவோ.

இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். கூடைக்காரம்மாவின் எதிர் வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அந்த வீட்டம்மா வேலைக்கு ஆள் தேடிக் கேட்டில் நின்றிருந்தார். நான் தெருவில் புங்க இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கூடைக்காரம்மா என்னைக் காட்டிச் சொன்னார்.

"இவளத்தான் சொன்னனுங்க. தங்கமான புள்ள, தைரியமா வெச்சுக்கலாம். இவ அம்மாவுக்குத்தான் கை கொஞ்சம் நீளம். பாவம், போய்ச் சேந்துட்டா."

என் முன்னாலேயே சொன்னார். நான் வாய் திறக்க மாட்டேன் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். நாலு நாளைக்குப் பேசுவார்கள் என்றாயே அம்மா. மூன்று வருஷமாயிற்று. இன்னும் யார் யாரெல்லாம் இந்தக் காலனிக்குக் குடிவருவார்களோ, அத்தனை பேருக்கும் முதல் நாளே உன் பெயர் இப்படித்தான் போய்ச்சேரும்.

"எங்கம்மா எடுக்கலீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அந்த ரோஜாவ நாந்தானுங்க பறிச்சேன்."

கூடைக்காரம்மா கூடையைக் கை மாற்றிக்கொண்டார். பிறகு சிரித்தார். "பாத்தீங்களா! செத்த அம்மாவுக்காகப் பழியத் தம்மேல போட்டுக்குது. என்ன பாசமுங்க!"

"நல்ல புள்ளீங்க" என்றார் புது வீட்டம்மா.

நீ அன்று சொன்ன பொய்யை ஒரு கேள்வி கேட்காமல் நம்பினார்கள். நான் நிஜத்தைச் சொன்னால் பாசம் என்கிறார்கள். சீமாற்றைச் சுவரோரம் சாத்திவிட்டு மூலை வீட்டுக்குப் போனேன். ஐயா வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மூணு வருசத்துக்கு முந்தி உங்க ஊட்டு ரோஜாவ நாந்தானுங்க பறிச்சேன். எங்கம்மா இல்லீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எந்த ரோஜா கண்ணு?"

"உங்ககிட்டக் குடுக்கறேன்னு காலையில பூப் பறிக்க வர்ற அந்த அம்மா வாங்கிட்டு வந்தாங்களே, கூடையில வெச்சு."

"என்கிட்ட யாரும் ஒண்ணும் குடுக்கலியே. இதுக்கா உங்கம்மா நின்னுபோச்சு? வேல புடிக்காம அதுவாத்தான் நின்னுட்டதா எங்க ஊட்டுல சொன்னாங்க!" செடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அந்தச் செடில தெனமும் யாராச்சும் பறிச்சுட்டுத்தான் போறாங்க. ஒரு பூவுதான, உடு கண்ணு."

பேப்பரை மறுபடி எடுத்துக்கொண்டார். சரியென்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். வெயில் ஏறியிருந்தது. ஆறு வீட்டிலும் பாத்திரம் போட்டது போட்டபடி கிடக்கும். இந்தக் காலனியில் மொத்தம் இருபத்திரண்டு வீடு. ஐயா வீட்டில் சொல்லியாயிற்று, அடுத்தது டாக்டர் வீடு. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அந்தக் கேட்டின் கொண்டியை நீக்கினேன்.