வெள்ளிக்கிழமை மசோதா

3-2-1958, திங்கள்
மசோதாவை ஒன்பதாம் முறையாகத் திருத்தி முடித்தேன். இரண்டே ஷரத்து. சர்க்கார் வருஷத்துக்கு எவ்வளவு கடன் வாங்கலாம் என்று பார்லிமெண்ட் முன்கூட்டியே வரம்பு கட்ட வேண்டும். எந்த இலாகாவின் செலவையும் விவாதிக்காமல் நிறைவேற்றக் கூடாது. இப்போதோ கடைசி நாள் சாயங்காலம் மிச்சமுள்ள இலாகாக்களை ஒரு வார்த்தை பேசாமல் மொத்தமாக நிறைவேற்றிவிடுகிறார்கள். பொருளாதாரம் நடத்தும் வாத்தியாருக்கு வயிறு எரியாதா?

மீரான் எம்.பி. ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காலேஜில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன். "தைரியராஜ், இது உன் மசோதாப்பா. நான் வெறும் வாய்தான்" என்றான். ஓட்டுக்கு விடுவதாகச் சத்தியம் பண்ணியிருக்கிறான்.

21-3-1958, வெள்ளி
மந்திரி அல்லாதவர்களின் மசோதாவுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல்தான் நேரம். இன்று நம்முடையது. உட்கார முடியவில்லை. சும்மா ஸ்ரீரங்கம் பஸ் ஏறிப் போய்விட்டு வந்தேன்.

22-3-1958
பேப்பரில் மூன்று வரி. மந்திரி "பரிசீலிக்கிறோம்" என்றாராம். மீரான் "சபையின் அனுமதியோடு" வாபஸ் வாங்கிக்கொண்டானாம். சபையின் அனுமதி! என்னிடம் ஒரு வார்த்தை கேட்டானா? தோற்றிருந்தால்கூட எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்று தெரிந்திருக்குமே.

6-4-1958, ஈஸ்டர்
வாழ்த்துச் சொல்ல மீரான் வந்தான். அவனுக்கு நோன்பு, காபி கொடுத்து உபசரிக்க வேண்டியிருக்கவில்லை, அது ஒன்றுதான் சௌகரியம். "வெள்ளிக்கிழமை மசோதான்னா வாபஸ்தாம்பா. அங்க அதுதான் வழக்கம். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

தெரியாது. இரண்டு வருஷமாக எழுதியவனுக்கு அது ஒன்று மட்டும் தெரியாது.

19-7-1958
சபை நடவடிக்கைப் புத்தகம் தபாலில் வந்தது. மீரான் பேசியது முக்கால் பக்கம். "இதை எழுதியவர் எங்கள் ஊர் வாத்தியார். வீட்டுச் செலவை மனைவி பார்த்துக்கொள்கிறார். அதனால் தேசத்தின் செலவைப் பற்றிக் கவலைப்பட அவருக்கு நேரம் இருக்கிறது." பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று அச்சடித்திருக்கிறார்கள்.

படுபாவி. எத்தனை ஞாயித்துக்கெழம பூசைக்குக்கூடப் போகாம ஒக்காந்து எழுதினேன். எம் பொண்டாட்டிய சொல்லியா அவங்கள சிரிக்க வைக்கணும்? அவ கையால எத்தனை வேளை சாப்பிட்டிருக்கான்—

லூர்துராணியிடம் காட்டவில்லை.

11-2-1963
நாலரை வருஷத்துக்குப் பிறகு மீரானிடமிருந்து கடிதம். இப்போது துணை மந்திரி. வடக்கத்தி அங்கத்தினர் ஒருவர் அதே மாதிரி மசோதா கொண்டுவருகிறாராம். "அதில் எங்கெங்கே ஓட்டை என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? ஒரு மறுப்பு எழுதி அனுப்பு." கீழே பேனாவால் இன்னொரு வரி: "செல்வமேரி புருஷனை அஸ்ஸாமிலிருந்து இந்தப் பக்கம் மாற்றுவது பற்றிச் சொல்லியிருக்கிறேன்."

கிழித்துப் போடத்தான் எடுத்தேன். மகளுக்கு ஏழு மாதம். புருஷன் பக்கத்தில் இல்லாமல் தினம் அழுகிறாள்.

17-2-1963
என்ன மனுஷன் நான்?

18-2-1963, திங்கள்
நான்கு பக்கம். இரண்டு ஷரத்தையும் வரிவரியாக உடைத்திருக்கிறேன். நன்றாகவே வந்திருக்கிறது, இதற்குப் பதில் சொல்ல அந்த மனிதரால் முடியாது. மன்னார்புரம் தபாலாபீஸில் நானே போட்டேன்.

"அப்படி என்னங்க எழுதினீங்க, ஒரு வாரமா?" என்று லூர்துராணி கேட்டாள்.

"மாப்பிள்ளை மாத்தல் விஷயமா ஒரு லெட்டர்" என்றேன்.

பொய் இல்லை.