இயற்பியலுக்குப் பத்துப் பேர்

மே 12, திங்கள்
பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எங்கள் கல்லூரி வாத்தியார்களெல்லாம் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடிக்க வேண்டும். எனக்குத் திருச்சுழிப் பக்கம். முதல்வர் கூப்பிட்டுச் சொன்னார்: "பானு மேடம், பிசிக்ஸுக்குப் பத்துப் பேராவது வரணும். இல்லேன்னா மூடிட்டு டேட்டா சயின்ஸுக்கு இன்னொரு செக்‌ஷன் போட்டுருவோம். கம்பெனிக்காரவுக அதத்தான கேக்குறாக?"

பத்து! போன வருஷம் வந்ததே ஆறு.

மே 15
எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கேள்வி: "படிச்சா வேல கிடைக்குமா?" வெயிலில் பஸ்ஸுக்கு நின்றபோது ஆய்வக இருட்டறை நினைவு. சோடியம் விளக்கு முதலில் சிவந்து, மெல்ல மஞ்சளாகும். அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் முகம்! இந்த வருஷமும் அதைப் பார்க்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

மே 21
ஒன்பது! இன்னும் ஒரே ஒரு பிள்ளை.

மே 22
கிடைத்தாள். நானே விட்டுவிட்டேன்.

பெயர் சத்யபிரியா. நான் உட்காரும் முன்பே, "மிஸ், வானவில்லு ஏன் வளைஞ்சு தெரியுது?" என்றாள். இவளுக்காகத்தானே இத்தனை அலைச்சல் என்று இருந்தது. அவள் அப்பா பூமிநாதனுக்கு மிளகாய் விவசாயம், மழையை நம்பித்தான். கையெழுத்துப் போடப் போனவர் நிமிர்ந்து, "டீச்சர், ஒண்ணு கேக்குறேன். இது உங்க மகளா இருந்தா எதுல சேத்துவிடுவீக?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரலையே!

"டேட்டா சயின்ஸ்லண்ணே."

அதன்பிறகு அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏன் சொன்னேன்? எப்படிச் சொல்லாமல் இருப்பது? என் மகள் அஸ்பியாவும் அடுத்த வருஷம் பிளஸ் டூ.

ஜூன் 3
இயற்பியல் மூடியாயிற்று. சேர்ந்த ஒன்பது பேரையும் வேறு பிரிவுகளுக்கு மாற்றிவிட்டார்கள். என்னை வெளியே அனுப்பவில்லை. ஆப்டிட்யூட் எடுக்கணுமாம், கம்பெனித் தேர்வுக் கணக்கு.

ஜூன் 20
இருட்டறையின் கறுப்புத் திரையைக் கழற்றுகிறார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஜூலை 7
டேட்டா சயின்ஸ் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பு. முன்பெஞ்சில் சத்யபிரியா.

எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் எப்போது கடக்கும் என்ற கணக்கு. சூத்திரம் மட்டும் போதும் என்று சொல்லியிருந்தார்கள். நானோ, ஒரு ரயிலுக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு மற்ற ரயில் ஏன் பறக்கிற மாதிரி தெரிகிறது என்று ஆரம்பித்துவிட்டேன். அம்புக்குறிகள், திசைவேகம் — போர்டு நிறைந்துவிட்டது. மணி அடித்தது காதில் விழவில்லை.

எல்லோரும் போன பிறகு அருகில் வந்தாள்.

"மிஸ், இது பிசிக்ஸ்தான?"

"ஆமா," என்றேன். "யார்ட்டயும் சொல்லிறாத."