‘கால் வலிக்கிறது’ என்ற வரியை நாங்கள் வெட்டவில்லை

என் மாலாக் கண்ணே,

உன் வகுப்பு மூடப்படவில்லை. எதற்கும் முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். வேறு எந்தச் செய்தியைச் சொன்னாலும் நீ பொறுமையாகக் கேட்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். புதன்கிழமை பிற்பகல், பள்ளி விட்ட பிறகு, பட்டறைக்குப் பக்கத்தில் உள்ள அதே அறையில் உன் படிவம் ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்து கவிதை படிக்கிறார்கள். எழுதவும் செய்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நிற்பது யார் தெரியுமா? நான்தான். சிரிக்காதே.

நீ போய் ஒன்பது மாதமாகிறது. காய்ச்சல் என்று ஒரு திங்கட்கிழமை விடுப்பு எடுத்தாய். டெங்கி என்றார்கள். அடுத்த திங்கட்கிழமை உன் உடலைப் பாலோ ஊருக்குக் கொண்டுபோனோம். உன் அண்ணன் வீட்டில் எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நாற்பத்தொரு வயதில், ஒரு கொசுவுக்கா? அந்தக் கோபம் யார் மேல் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அங்கே கூடாரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்: “பாவம், நல்ல டீச்சர். இனிமே அந்த ஸ்கூல்ல தமிழ் இருக்காது.” தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார் மாலா, மழை வரும்போல என்று சொல்வதைப் போல. அந்தக் குவளையைப் பிடுங்கிக் கீழே போடலாமா என்று இருந்தது.

பள்ளி முதல்வரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார், மரியாதையாக, மலாயில். மாற்று ஆசிரியர் வரும்வரை தமிழ் வகுப்பை நிறுத்தி வைக்கலாம், அறையை வேறு எதற்காவது பயன்படுத்தலாம் என்றார். நிறுத்தி வைத்தது திரும்பி வந்ததாக நீயும் நானும் எப்போதாவது பார்த்திருக்கிறோமா? “நான் எடுக்கிறேன்” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்கள் கணக்கு ஆசிரியர்.” “ஆமாம். தமிழும் தெரியும்.” அவ்வளவுதான் பேசினேன்.

உனக்கும் எனக்கும் நடுவில் பதினொரு வருடமாக ஒரு பலகைத் தடுப்புத்தான் இருந்தது. உன் பிள்ளைகள் கவிதை படிக்கும் இரைச்சலில் என் கூடுதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் ஓடாது. எத்தனை முறை உன்னிடம் சண்டை போட்டிருக்கிறேன்! “சத்தம் போட்டுத்தான்க்கா படிக்கணும், கண்ணால படிச்சா செத்துப்போயிரும்” என்பாய். கவிதையைச் சொன்னாய் என்பது அப்போதே புரிந்தது. ஆனால் அதை எப்படிச் செய்கிறாய் என்று ஒருநாளாவது எட்டிப் பார்த்தேனா? இல்லை. அதனால் முதல் நான்கு வாரம் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பாடநூலைத் திறந்து, “இந்தக் கவிதையின் கருப்பொருள் என்ன?” என்று கேட்டேன். பிள்ளைகள் வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்த விடையைச் சொன்னார்கள். நான் கரும்பலகையில் எழுதினேன். அவர்கள் பார்த்து எழுதினார்கள். ஒருவர் முகத்திலும் உயிரில்லை. கடைசியில் யுவராஜ்தான் வாயைத் திறந்தான். எப்போதும் பேசிக்கொண்டே இருப்பானே, உன் படிவம் மூன்று வாயாடி, அவன்தான்.

“டீச்சர், கோவிச்சுக்காதீங்க லா. இது கணக்கு கிளாஸ் மாதிரியே இருக்கு.”

“மாலா டீச்சர் என்ன பண்ணுவாங்க?”

“ஒரே கவிதையத்தான் மாசம் பூரா படிப்போம். ஆளுக்கு ஒரு வரி. படிக்கிறப்ப எந்த வரிகிட்ட யாருக்குக் குரல் மாறுதோ அங்க நிறுத்திருவாங்க. ஏன் மாறுச்சுன்னு கேப்பாங்க. அர்த்தமெல்லாம் அப்புறந்தான் டீச்சர்.”

பதினொரு வருடம் நான் இரைச்சல் என்று நினைத்தது இதைத்தானா? அன்றைக்கே புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு வரியாகத் தொடங்கினோம். மூன்றாவது சுற்றில் ஒரு பெண்ணின் குரல் உடைந்தது. நான் நிறுத்தினேன். ஏன் என்று கேட்டேன். அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது, அது அவளுடையது. ஆனால் அந்த அரைமணி நேரத்தில் ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

படிக்க வைத்துவிட்டேன், எழுத வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. அம்மாவைப் பற்றி எழுதுங்கள் என்றால் எல்லாரும் தெய்வம், நிலவு, மெழுகுவர்த்தி என்றே எழுதிக்கொண்டு வந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னேன். “கணக்குல விடையை மட்டும் எழுதினா நான் மார்க் போடுவேனா? ‘அம்மா தெய்வம்’ங்கிறது விடை. வழிமுறையக் காட்டுங்க. எங்க பார்த்தீங்க, எப்பப் பார்த்தீங்க, என்ன பார்த்தீங்க?” இதைக் கேட்டு நீ கைதட்டியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். தட்டியிருப்பாய்தானே?

அடுத்த புதனன்று தேவிகா ஒரு தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். படிவம் இரண்டு தேவிகா, பின் வரிசையில் சன்னலோரம் உட்கார்வாளே. அவள் அம்மாவுக்கு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை, நாள் முழுவதும் நின்றபடி. அவள் எழுதியிருந்தது இது:

அம்மாவின் முழுப்பெயர் பாக்கியலட்சுமி.
கிலாங்கில் கொடுத்த அட்டையில்
பாக்கியா வரைக்கும்தான் இடம் இருந்தது.
லட்சுமியை வாசலிலேயே இறக்கிவிட்டு
அம்மா உள்ளே போகிறாள்.
சாயங்காலம்
இரண்டு பேரும் சேர்ந்து
வீட்டுக்கு வருகிறார்கள்.
இரண்டு பேருக்கும்
கால் வலிக்கிறது.

படித்துவிட்டு வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டேன். வெயில் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

மாணவர் கவிதைப் போட்டி ஒன்றுக்கு அதை அனுப்பி வைத்தேன். ஒரு வாரத்தில் போட்டிச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார்.

“டீச்சர், பிள்ளை நல்லாத்தான் எழுதியிருக்கு. ஆனா கிலாங்னு மலாய்ச் சொல் வருது பாருங்க, அத தொழிற்சாலைன்னு மாத்திருங்க. அப்புறம் அந்தக் கடைசி வரி. கால் வலிக்கிறதுன்னா ஒரு கவிதைய முடிப்பாங்க? தாயோட தியாகத்தைப் போற்றி ரெண்டு வரி சேர்த்துருங்க. மேடையில பெரியவங்கல்லாம் உக்காந்திருப்பாங்க லா.”

“சரிங்க சார்” என்றேன்.

ஆமாம் மாலா, நான்தான் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரு பரிசு வந்துவிட்டால் வகுப்பின் மேல் யாரும் கைவைக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். அதோடு விட்டேனா? அந்த இரண்டு வரியையும் நானே எழுதினேன். தியாகச் சுடர் என்று ஒரு சொல் அதில் வரும். மீதியைக் கேட்காதே.

தேவிகா அந்தத் தாளை நிதானமாகப் படித்தாள். நான்காக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். “டீச்சர், இதுல எங்கம்மா இல்லையே.”

“இருக்காங்களேம்மா. சுடர்னு சொன்னது அவங்களத்தான்.”

“எங்கம்மா சுடர் இல்ல டீச்சர். எங்கம்மா ஆளு.” என் கையிலிருந்த தாளைக் காட்டினாள். “நீங்கதானே வழிமுறையக் காட்டச் சொன்னீங்க? இப்ப நீங்களே அழிக்கிறீங்க.”

பதினான்கு வயது. இருபத்திரண்டு வருட ஆசிரியர் அனுபவத்தோடு நான் அவளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாளை அவள் கண்ணெதிரிலேயே கிழித்தேன். மன்னிப்பும் கேட்டேன். பிறகு செயலாளரை அழைத்து, கவிதை அப்படியேதான் வரும் என்றேன். “அப்பப் பரிசு கிடைக்காது டீச்சர்” என்றார். “கிடைக்காட்டிப் போகுது சார்.” அந்த வார்த்தையைச் சொன்னபோது எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

ஆனால் நான் எதிர்பாராத இடத்திலிருந்து அடுத்த அடி விழுந்தது. தேவிகாவின் அம்மா, வேலைச் சீருடையோடு நேராகப் பள்ளிக்கு வந்து நின்றார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது.

“என்னங்க டீச்சர் இது? என் பேரையும் என் காலையும் எதுக்கு மேடையில ஏத்துறீங்க? நாலு பேரு பார்த்துப் பரிதாபப்படவா?”

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? கவிதைக்குள் வரும் அம்மா எழுதியவளுக்குச் சொந்தமா, அம்மாவுக்கே சொந்தமா? செயலாளரை எதிர்த்து நின்ற நான் இவரை எதிர்த்து நிற்கக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. “உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாங்க. நான் நிறுத்திடுறேன். ஒரே ஒரு தடவை நீங்களே படிச்சுப் பாருங்க” என்று தாளை நீட்டினேன்.

அவர் அதுவரை அதைப் படிக்கவே இல்லை, யாரோ சொல்லித்தான் வந்திருந்தார். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவராம். உதட்டை அசைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். அங்கிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“கால் வலிக்குதுன்னு நான் இவகிட்ட சொன்னதே இல்லையே டீச்சர்.”

தாளை மறுபடியும் பார்த்தார்.

“ஒருநாளும் சொன்னதில்ல. எப்பப் பார்த்தா இவ?” கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “படிக்கட்டும். ஆனா ஒண்ணு, ஒரு எழுத்தும் மாத்தாம படிக்கட்டும்.”

போட்டி ஒரு சனிக்கிழமை, ஜொகூர் பாருவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மேடை ஏறுவதற்கு முன் செயலாளர் தேவிகாவின் கையில் ஒரு தாளைத் திணித்தார், அவரே திருத்திய பிரதி. அவள் அதை வாங்கிக்கொண்டாள். ஒலிவாங்கிக்கு முன்னால் போய், தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் கவிதையை மனப்பாடமாகச் சொன்னாள். கடைசி வரிக்கு யாரோ சிரித்தார்கள். வேடிக்கை என்று நினைத்திருப்பார்கள். ஒரு நொடியில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

முடிவு அறிவிக்கும்போது, போட்டி விதிக்குப் பொருந்தாததால் அவளுடைய படைப்பு நீக்கப்பட்டது என்றார்கள். நான் எழுந்தேன் மாலா. நான்! கூட்டத்தில் பேச வேண்டும் என்றாலே ஒதுங்கிக்கொள்கிறவள். “எந்த விதிங்க? படிச்சுக் காட்டுங்க” என்றேன். செயலாளர் கோப்பைப் புரட்டினார், முன்னும் பின்னும் புரட்டினார். “உக்காருங்க டீச்சர், அப்புறம் பேசிக்கலாம்.” “பரவால்ல, நிக்கிறேன்.”

பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. பாக்கியலட்சுமியும் எழுந்துவிட்டார். வாரமெல்லாம் நிற்கிற அந்த அம்மா, விடுமுறை நாளில், பரிசளிப்பு முடியும்வரை உட்காரவே இல்லை. நம் பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். தேவிகா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு நாங்கள் நின்றபடியே கைதட்டினோம். அவர்கள்மேல் எங்களுக்கு என்ன கோபம்?

அதன் பிறகு நடந்தது நீ எதிர்பார்த்ததுதான். பள்ளிக்குப் புகார் போனது. முதல்வர் விளக்கக் கடிதம் கேட்டார். இரண்டு பக்கம் எழுதினேன், கவிதையையும் மலாயில் மொழிபெயர்த்து இணைத்தேன். அவர் என் விளக்கத்தை ஒருமுறையும் கவிதையை இரண்டுமுறையும் படித்தார். “இந்த அம்மாவுக்குக் கால் இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்டார். அப்படியேதான் இருக்கிறது என்றேன். புகார் என் கோப்பில் இருக்கும், அதை அகற்ற முடியாது என்றார். இருக்கட்டும். என் கோப்பில் இதுவரை மாதச்சம்பள உயர்வுக் கடிதங்களைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. இப்போதுதான் படிக்கும்படியாக ஒன்று இருக்கிறது.

எல்லாம் வெற்றி என்று நினைத்துக்கொள்ளாதே. இரண்டு பிள்ளைகளை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். “கவிதை எழுதி என்னத்தக் கிழிக்கப்போறாங்க, எஸ்.பி.எம். பரீட்சையில ஒரு ‘ஏ’ குறைஞ்சா நீங்களா பொறுப்பு?” என்று ஓர் அப்பா கேட்டார். பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். எப்படிப் பொறுப்பேற்பது என்று தெரியாமலேயே சொன்னேன். நான்கு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். யுவராஜ், தினமும் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் பாலம் கடக்கிற அவன் அப்பாவின் நெற்றியில் தலைக்கவசம் பதித்த கோட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறான். மாற்று ஆசிரியர் இன்னும் வரவில்லை. வந்தாலும் புதன்கிழமையை நான் விடப்போவதில்லை.

சில நாள் சோர்வாகத்தான் இருக்கிறது. இதையெல்லாம் பதினொரு வருடம் தனியாகவா செய்தாய்? என்னிடம் ஒருமுறைகூடக் கேட்காமல்? கேட்டிருந்தால் வந்திருப்பேனா? தெரியவில்லை.

நாளைக்குப் புதன். தேவிகா உன்னைப் பற்றி ஒன்று எழுதி வைத்திருக்கிறாளாம், நாளைக்குத்தான் படிப்பாளாம். என் கையில் இன்னும் கொடுக்கவில்லை. அதில் எனக்குப் பிடிக்காத வரி இருக்கலாம். என்னால் தாங்கவே முடியாத வரியும் இருக்கலாம். ஒரு சொல்லையும் தொடமாட்டேன், வேறு யாரையும் தொட விடமாட்டேன். இது உனக்கு நான் செய்துதரும் சத்தியம்.

பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
நீ வாய் நிறையக் கூப்பிட்ட உன் அக்கா,
புஷ்பா