கழண்டு வராத மோதிரம்

மார்ச் 3, செவ்வாய்

குஞ்சு பொரிக்கும் கூடத்து எலக்ட்ரிக் வேலை எனக்கும் என் வீட்டுக்காரருக்குமே கிடைத்துவிட்டது! கூடத்துக்காரரைக் கோழிக்கார அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். போன தடவை கரண்ட் போனபோது, சூட்டைக் கவனித்து ஜெனரேட்டரைக் கிளப்ப வேண்டிய கம்ப்யூட்டரும் நின்றுபோய், மெஷினில் இருந்த முட்டை அத்தனையும் பாழ். "நான் முட்டை வைக்கிறது குஞ்சுக்கும்மா, அவிச்சுத் தின்ன இல்ல" என்று சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை. 12ஆம் தேதி அடுத்த முட்டைகள் உள்ளே போகின்றன. அதற்குள் கம்ப்யூட்டருக்குப் பேட்டரி கட்டியாக வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

மெயின் லைன், எர்த், பிரேக்கர் எல்லாம் இவர் கட்டினால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஒரு வயர் கோணாது. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், அலுக்கவில்லை. அப்புறம் ஸ்பானரோடு பேட்டரிப் பக்கம் திரும்பினார். கையில் மோதிரம்!

"கழட்டிட்டுத் தொடுங்க."

"மெயின் ஆஃப்ல தானே இருக்கு?"

"பேட்டரிக்கு ஏதுங்க ஆஃப்?"

என் அண்ணனும் மெயின் ஆஃப் என்றுதான் பேட்டரியைத் தொட்டான். ஸ்பானர் ஒரு முனையில், மோதிரம் இன்னொரு முனையில். மோதிரம் பழுத்து விரலோடு ஒட்டிக்கொண்டது. அவனுக்கு அந்த விரல் இன்னும் மடங்காது. இவருக்கும் அப்படி ஆனால்? கத்தித் தீர்த்துவிட்டேன்.

கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "கழண்டு வரலை. ரொம்ப நாளாவே. குண்டாயிட்டேன்னு கிண்டல் பண்ணுவியேன்னு சொல்லலை."

பண்ணினேன். வயிறு வலிக்கப் பண்ணினேன்.

மார்ச் 6

சோப்பு, எண்ணெய், நூல், ஐஸ் — எதற்கும் மசியவில்லை. விரல்தான் கத்தரிக்காய் மாதிரி ஆனது.

மார்ச் 8, ஞாயிறு

வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்கிறார் நகைக்கடைக்காரர். அப்புறம் ஒட்டித் தருவாராம். இவர் ஒரேயடியாக மாட்டேன் என்கிறார். "நீ போட்டுவிட்டது. அதை வெட்டச் சொல்றியே, மனசே இல்லையா உனக்கு?" மனசு இருப்பதால்தானே சொல்கிறேன்! விரலே போய்விட்டால் மோதிரத்தை எங்கே மாட்டுவாராம்?

சரி. பேட்டரியை நானே கட்டுகிறேன். ஐயா டார்ச் பிடிக்கட்டும்.

மார்ச் 10, செவ்வாய்

இன்றைக்குப் பேட்டரி கட்டப் போனோம்.

கூடத்தில் ஃபியூஸைக் கழற்றி வைத்தேன். ஸ்பானருக்கு டேப் சுற்றினேன். மீட்டர் வைத்து பிளஸ், மைனஸ் பார்த்தேன். எல்லாம் பெருமையாகத்தான். கீழ்த் தட்டுப் பேட்டரிக்குக் குனிந்தேன்.

"அசையாதே."

அந்தக் குரலில் இவர் என்னிடம் பேசியதே இல்லை. என் கழுத்துச் செயின் சட்டைக்குள்ளிருந்து நழுவி, பேட்டரி முனைகளுக்கு நேர் மேலே ஆடிக்கொண்டிருந்தது. மோதிரம் இல்லாத கையால் அதைப் பிடித்து, மெல்ல என் முதுகுப் பக்கம் கொண்டுபோனார். இரண்டு முனைக்கும் குறுக்கே அது விழுந்திருந்தால், ஃபியூஸ் கழற்றியதால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. நெருப்பு என் கழுத்தில்.

மோதிரம் மோதிரம் என்று இத்தனை நாள் உயிரை வாங்கினவள் நான்!

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "எனக்குத்தான் கழண்டு வரலை. உனக்கு வரும்ல?" அவ்வளவுதான். செயினைத் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார். மீதி நட்டுகளை அவர் பார்க்கப் பார்க்க முறுக்கினேன்.

மார்ச் 11

சொல்லாமல் கொள்ளாமல் போய் மோதிரத்தை வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். விரலில் வெளுப்பாக ஒரு வளையம். அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "குண்டான்னு திட்டு, அழாதே" என்றார்.

மார்ச் 12, வியாழன்

அக்கா முன்னால் மெயினை இறக்கினோம். விளக்கெல்லாம் அணைந்தன. கம்ப்யூட்டர் திரை இமைக்கவில்லை. ஜெனரேட்டரை அதுவே ஓடவிட்டது. அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார், ஒன்றையும் பார்க்கவில்லை! முட்டைகள் உள்ளே போய்விட்டன.

ஏப்ரல் 2, வியாழன்

அக்கா எனக்குப் போன் போட்டு, போனைக் குஞ்சுகள் நடுவில் வைத்துவிட்டார். கீச் கீச்சென்று காதே அடைத்தது. இடையில் கரண்ட் போனது அவருக்கே தெரியவில்லையாம்.

மோதிரம் கொஞ்சம் பெரிதாகி வந்துவிட்டது. இப்போதெல்லாம் பேட்டரி வேலைக்கு முன்னால் அதை என் செயினில் கோத்து எங்கள் பட்டறை ஆணியில் மாட்டுகிறோம். வேலை முடிந்து எடுத்து நீட்டினால் தானாகப் போட்டுக்கொள்ள மாட்டார் இந்த மனிதர். புது மாப்பிள்ளை மாதிரி விரலை நீட்டிக்கொண்டு நிற்பார். நான்தான் போட்டுவிட வேண்டும். அதன்பிறகுதான் என் செயினுக்குக் கொக்கி மாட்டிவிடுவார்.

இன்னும் இரண்டு மெஷினுக்குப் பேட்டரி கட்டித் தரச் சொல்கிறார் அக்கா. தேதியைக்கூடக் கேட்காமல் இவர் சரி என்றுவிட்டார். எதற்கென்று எனக்குத் தெரியாதா!