உமா கல்யாணத்துக்கு ஒரு சுவீடன் மெட்டு

மே 6, 2002. திங்கள். ஆலன், டெக்சஸ்.
காலையிலேயே சுள்ளென்று வெயில். துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது. ரகு வந்த பிறகுதான் கடை. கார் அவரிடம். எனக்கு ஓட்டவும் தெரியாது.

சாயங்காலம் ரகு வந்து, வக்கீல் சொன்னதாகச் சொன்னார்: விசா நீட்டிப்பு வரும்வரை நாட்டை விட்டு வெளியே போக வேண்டாம். ஆக, திருச்சியில் தங்கை உமா கல்யாணம், நான் இல்லாமல்.

"போனா அங்கயே மாட்டிக்குவ கீதா. திரும்பி வர முடியாது."

"இப்ப மட்டும் என்னவாம்?"

டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மே 9, வியாழன்.
மேல்வீட்டு இங்க்ரிட் வயலினோடு வந்தாள். சுவீடன்காரி. அவளுக்கும் என்னைப் போலவே கணவனின் விசா, வேலை பார்க்கக் கூடாது. என் வீணை அவள் தரைக்குக் கேட்குமாம். அவள் வயலின் என் கூரைக்கு.

உமா விஷயம் சொன்னேன். அவள் ஊரில் மணப்பெண்ணை அழைத்துப் போகும்போது வாசிக்கும் மெட்டு ஒன்றை வாசித்தாள். கல்யாணத்துக்கு ஏன் இத்தனை சோகம் என்றேன். பெண் வீட்டை விட்டுப் போகிறாளே என்றாள்.

சுருதியை இறக்கி, கூடவே முயன்றேன். விரல் தன்னால் கமகம் போடுகிறது. "நோ ஷேக்கிங், ப்ளீஸ்!" இருவரும் சிரித்தோம். எத்தனை நாளாயிற்று.

மே 14, செவ்வாய்.
அம்மா போனில். பந்தல், சமையல்காரர், புடவை பிளவுஸ். உமாவைக் கூப்பிடச் சொன்னேன்.

"அவ பேச மாட்டேங்கறாடி. அக்கா மனசு வச்சிருந்தா வந்திருப்பாங்கறா."

மனசு!

மதியம் முழுக்க வீணை. மெட்டு கைக்கு வந்துவிட்டது, கடைசி வரி தவிர. அங்கே மட்டும் அவசரப்படுகிறேன். பால் பொங்கி அடுப்பெல்லாம்.

மே 20, திங்கள்.
ரகுவோடு சண்டை. "நான் என்ன உன்னைப் பூட்டியா வச்சிருக்கேன்?" என்றார். அவர் ஆபீஸ் போனதும் கதவைத் திறந்து நடந்தேன். ஃப்ரீவேக்கு முன்னாலேயே நடைபாதை முடிந்துவிட்டது. புல்லில் நின்றேன். கார்கள். ஒருவரும் நடக்கவில்லை. திரும்பி வந்து சாதம் வைத்தேன்.

மே 26, ஞாயிறு.
இங்கே காலை, அங்கே ரிசப்ஷன். மாப்பிள்ளை செல்லுக்கு ரகுவே நம்பர் போட்டார். எடுத்தவரிடம், உமாவுக்காகக் கீதா வீணை வாசிக்கப் போகிறாள் என்று சொல்லி, ஸ்பீக்கர் போனை வீணைப் பக்கம் திருப்பி வைத்தார். அங்கே ஒரே பாட்டுக் கச்சேரி இரைச்சல். இங்க்ரிட்டின் மெட்டை வாசித்தேன். முடித்ததும் அதே இரைச்சல்தான். வைத்துவிடலாம் என்று கையை நீட்டினேன்.

"அக்கா, நான் சுரேஷ் பேசறேன்." மாப்பிள்ளை. இதுவரை பேசியதே இல்லை. "இங்க ஒண்ணும் கேக்கல. வச்சிராதீங்க, இருங்க."

மூச்சிரைப்பு. படிக்கட்டில் செருப்புச் சத்தம். கதவு சாத்தும் சத்தம். இரைச்சல் அடங்கியது.

"மொட்டை மாடிக்கு வந்துட்டோம். உமாவும் இருக்கா."

"உமா?"

வளையல் சத்தம் மட்டும்.

"வாசிக்கா," என்றாள்.

மறுபடி தொடங்கினேன். கீழேயிருந்து யாரோ போட்டோவுக்குக் கத்திக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் போகவில்லை.