வட்டவளையில் நீ ஏறிய ரயில்

நேற்று பஸ் கினிகத்தேனையைத் தாண்டி வளைவுகளில் இறங்கத் தொடங்கியதும், முன் சீட்டில் இருந்த பெண் குமட்டலுக்கு எலுமிச்சை போன்ற ஒரு தேசிக்காயை எடுத்து நகத்தால் கீறி மூக்கருகே வைத்துக்கொண்டாள். அந்த வாசம் என்னிடம் வந்து சேர இரண்டு வளைவுகூட ஆகவில்லை. எனக்கு வயிறு புரளவில்லை. உன் ஞாபகம்தான் வந்தது.

நீ போய் ஒரு வருஷமாகப் போகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று எத்தனையோ நாள் உட்கார்ந்தும் கை வரவில்லை. கோபம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். இன்று எழுதிவிடுகிறேன். நேற்று நடந்ததை உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

மழையில் மண் சரிந்து ரயில் பாதை மூடிக் கிடக்கிறது. இல்லாவிட்டால் நான் எதற்கு பஸ்ஸில் ஏறப்போகிறேன்? பிரியாவை விமானம் ஏற்றிவிடப் போனேன். நீ தூக்கி வளர்த்த அதே பிரியாதான். மாலைதீவில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்திருக்கிறது. "பிளேன்ல ஒன்றரை மணித்தியாலந்தாம்மா. ஹட்டன்ல இருந்து நுவரெலியாவுக்குப் போற நேரம். அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, காதில் வயரை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கத் தொடங்கிவிட்டாள். அவளுடைய பாஸ்போர்ட் என் கைப்பையில் இருந்தது. நான்தான் வற்புறுத்தி வாங்கி வைத்திருந்தேன். பையின் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பதினாறு வருஷத்துக்கு முன் என் பாஸ்போர்ட் இருந்த பையை நீ அப்படித்தான் பிடித்திருந்தாய்.

அன்று போக இருந்தவள் நான். மத்தியகிழக்கில் ஒரு வீட்டில் வேலை. தோட்டத்து லயத்தில் இருந்த ஒற்றை அறைக் காம்பராவை விட்டுத் தனியாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்ற ஒரே பிடிவாதம் எனக்கு. பிரியாவுக்கு அப்போது நாலு வயது. அடுத்த காம்பராவில் இருந்த உன்னிடம்தான் அவளை விட்டுப்போவதாக ஏற்பாடு. நீ ஏற்கெனவே போய் வந்தவள். நாலு வருஷம் இருந்துவிட்டு நீ திரும்பி வந்த அன்று, உன் மகன் அப்பாவின் சாரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த அத்தை எப்பப்பா போவாங்க?" என்று கேட்டதை லயமே பார்த்தது. நீ சிரித்துச் சமாளித்தாய். நான் அதைப் பார்த்தும் பாடம் படிக்கவில்லை.

கொழும்பில் மாலை ஐந்து மணிக்குக் கோட்டை ஸ்டேஷன் வாசலில் ஏஜென்சி வேன் நிற்கும். "அஞ்சுன்னா அஞ்சுதான். யாருக்காகவும் வேன் நிக்காது" என்று அந்த ஆள் போனிலேயே கண்டித்துச் சொல்லியிருந்தான். பஸ்ஸில் போனால் ஒரு மணித்தியாலம் மிச்சம் என்று நான் சொன்னேன். வழியனுப்பக் கூட வந்த நீ கேட்கவில்லை. பஸ் என்ற சொல்லைக் கேட்டாலே உனக்குக் குமட்டும். வட்டவளைக்குப் போவதற்குள் மூன்று தடவை வாந்தி எடுத்தவள் நீ. "பஸ்ஸு நம்மள இழுத்துக்கிட்டுப் போகும். பிளேனு தூக்கிட்டுப் போகும். ரயிலு ஒன்னுதான் நம்மளக் கூட்டிக்கிட்டுப் போகும். கடைசியாப் போற பயணம், ரயில்லயே போடி" என்றாய். நானும் ஒத்துக்கொண்டேன்.

ஹட்டனில் ஏறியதுமே எனக்கு அழுகை வந்துவிட்டது. நீதான் என் பையை வாங்கி உன் தோளில் மாட்டிக்கொண்டாய். "அழுகுற கையில பாஸ்போர்ட் நிக்காது. எங்கிட்ட குடு." என் பாஸ்போர்ட், டிக்கெட், ஒப்பந்தக் கடதாசி, போன் எல்லாம் அதற்குள். என்னிடம் இருந்தது ஒரு கைக்குட்டை மட்டும்.

நம் மலையில் ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் ரயில் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் வந்து ஒதுங்கினால்தான் இது நகரும். அன்று வட்டவளையில் கிராஸிங். நம் ரயில் போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் கொழும்பிலிருந்து ஏறிவந்த ரயில் மேடையின் மறுபக்கம் வந்து நின்றது. இரண்டும் ஒரே நிறம், ஒரே அழுக்கு. எஞ்சின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் ஏறி, கொழும்புக்குப் போகவேண்டியவர்கள் மலைக்கு மேலே நானுஓயாவில் இறங்கிய கதை நம் ஊரில் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. "தண்ணி புடிச்சுக்கிட்டு வந்துர்றேன்" என்று போத்தலோடு நீ இறங்கினாய். பை உன் தோளில்.

ரயில் அசைந்தது. நீ வரவில்லை. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். எதிர் ரயிலும் அசைந்தது. அதன் வாசலில் கம்பியைப் பிடித்தபடி நீ நின்றாய். என் பை உன் தோளில். நீ மேலே போனாய், நான் கீழே போனேன். "ஏய்! எறங்குடி! அது மேல போற ரயிலு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நீ என்னைப் பார்த்தாய். கத்தவில்லை, கை காட்டவில்லை, இறங்கவும் பார்க்கவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டே போய்விட்டாய்.

பெட்டியில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிப் போகச் சொன்னார் ஒருவர். திரும்பிப் போனால் வேன் போய்விடும். போகாவிட்டால் பாஸ்போர்ட் இல்லாமல் வேனில் யார் ஏற்றுவார்கள்? எதிர் சீட்டில் இருந்த சிங்கள அம்மா என் ஓட்டைச் சிங்களத்தை எப்படியோ புரிந்துகொண்டு தன் போனைக் கொடுத்தாள். என் நம்பரையே அடித்தேன். மணி போனது. நீ எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. சுரங்கம் வந்தது, லைன் போனது. சுரங்கம் முடிந்ததும் மறுபடி அடித்தேன். எத்தனை தடவை என்று தெரியாது. போன்காரி முகம் சுளிக்கவே இல்லை, நல்லா இருக்கட்டும்.

கடைசியில் எடுத்தாய். உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"சாந்தி, நீ எறங்காத. அதே ரயில்ல இரு. கோட்டையில எறங்கி வாசல்ல நில்லு. நான் ஹட்டன்ல எறங்கி பஸ்ல வர்றேன்."

"பஸ்லயா? நீயா?"

"ஆமா, நாந்தான். வந்துருவேன். வைக்கிறேன்."

அதற்குப் பிறகு நாலரை மணித்தியாலம் எப்படிப் போனது என்று கேட்காதே. ரயில் நம்மைக் கூட்டிக்கொண்டு போகும் என்றாயே, அன்று அது என்னைப் பிடித்து உட்கார வைத்திருந்தது. நாவலப்பிட்டியில் நின்றது, கம்பளையில் நின்றது, பேராதெனியாவில் நின்றே செத்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் உன் பஸ் எங்கே வந்திருக்கும் என்று மனதுக்குள் பாதை போட்டுப் பார்த்தேன். கித்துல்கலையா? அவிசாவளையா? வழியில் மயங்கி விழுந்திருப்பாயா? உன்னைத் திட்டாத திட்டில்லை. உனக்காகக் கும்பிடாத சாமியும் இல்லை.

கோட்டை வாசலில் நாலு மணியிலிருந்து நின்றேன். வேன் வந்தது. மற்றப் பெண்கள் ஏறினார்கள். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டிரைவர் எஞ்சினைப் போட்டான். அப்போதுதான் நீ சனத்தை இடித்துக்கொண்டு வந்தாய். சேலை முழுக்க வாந்தி. தலை கலைந்து, கண் சிவந்து, ஒரு கையில் கசங்கிப்போன தேசிக்காய், மறு கையில் என் பை. பையைப் பிடித்து இழுத்தேன். நீ விடவில்லை. பஸ் பயணத்தில் கை மரத்துப்போயிற்று என்று நினைத்தேன். உன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. "விடுடி, நேரமாச்சு!" என்று எரிந்து விழுந்தேன். நன்றிகூடச் சொல்லாமல் வேனில் ஏறினேன்.

அதுதான் நான் முதன்முதல் ஏறிய விமானம். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு வந்ததைவிடக் குறைந்த நேரத்தில் கடலைத் தாண்டிவிட்டது. ஜன்னலில் பார்க்க ஒன்றும் இல்லை. வழியில் ஒதுங்கி நிற்கும் இடமும் இல்லை. மனசு மாறினால் இறங்கி எதிர் ரயிலில் ஏற ஒரு வட்டவளை அந்த வழியில் கிடையாது.

இரண்டு வருஷம் கழித்து வந்தேன். ஹட்டன் ஸ்டேஷனில் பிரியா உன் கையை உதறிவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். ஒளியவில்லை. தினமும் காலையில் பேர் பதியும் பெரட்டு முடிந்து மலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவளுக்கு என் படத்தைக் காட்டி, மேலே போகும் ரயிலைக் காட்டி, "ஒங்கம்மா இந்த ரயில்லதான் வருவாங்க" என்று நீ சொல்லிக்கொண்டே இருந்ததாக மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

வீடும் கட்டினேன். வீடு குடிபோன அன்றும், பிரியா பெரியவளானபோதும், திருவிழாவிலும், எங்கே நாலு பேர் கூடினாலும் நான் அந்தக் கதையை எடுத்துவிடுவேன். "நாலு வருஷம் வெளிநாட்டுல இருந்தவ, வட்டவளையில ரயில் மாறி ஏறிட்டா! என்னையப் பாத்துப் பேந்தப் பேந்த முழிச்சா பாரு!" எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். பிள்ளைகள் உனக்கு 'மாறு ரயில்' என்று பேரே வைத்துவிட்டார்கள். நீயும் சேர்ந்து சிரிப்பாய்.

போன வருஷம் நீ படுத்த படுக்கையாகிவிட்ட பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாய். மருமகள் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனதும் கதவைச் சாத்தச் சொன்னாய்.

"அன்னைக்கு நான் ரயில் மாறல சாந்தி. தெரிஞ்சுதான் ஏறினேன்."

"என்னாடி சொல்ற?"

"நீ போகக் கூடாதுன்னு நெனச்சேன். எம்மவன் ஒளிஞ்ச மாதிரி ஒம்மவ ஒளியக் கூடாதுன்னு நெனச்சேன். பை எங்கிட்ட இருந்தா நீ போக முடியாதுல்ல. போன் அடிச்சுக்கிட்டே இருந்திச்சு. அடுத்த ரொசெல்ல ஸ்டேஷன் வரைக்குந்தான் என்னால தாங்க முடிஞ்சிச்சு. அது ஒம் பயணம். அத எடுத்துக்கிட்டு ஓட நான் யாரு?"

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "எம் பொழப்புல மண்ண அள்ளிப் போடப் பாத்தியா? ஊரே சிரிச்சப்ப வாய மூடிக்கிட்டு இருந்துட்டு இப்ப சொல்றியே!" என்று கத்தினேன். நீ ஏதோ சொல்ல வந்தாய். நான் கேட்கவில்லை. தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று வீம்பு பிடித்து ஒரு வாரம் போயிற்று. அடுத்த செவ்வாய்க்கிழமை விடியும்போது உன் மகன் வந்து கதவைத் தட்டினான். அவன் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

நேற்று கித்துல்கலையில் பஸ்ஸைத் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். பிரியா சீட்டிலேயே கண்ணை மூடிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பையோடு இறங்கினேன். ரோட்டின் மறுபக்கம் ஹட்டனுக்குப் போகும் பஸ் வந்து நின்றது. "ஹட்டன், ஹட்டன்" என்று கண்டக்டர் கத்தினான். நான் ரோட்டைக் கடந்தேன். எதற்குக் கடந்தேன் என்று சத்தியமாகத் தெரியாது. என் வலது கால் அந்த பஸ்ஸின் படியில் இருந்தது. பாஸ்போர்ட் இருந்த பை என் கக்கத்தில் இருந்தது. இன்னொரு காலையும் தூக்கி வைத்தால் போதும், அவள் போக முடியாது.

"ஏறுறதுன்னா சட்டுன்னு ஏறுங்கம்மா" என்றான் கண்டக்டர்.

கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். பிரியா. ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. நான் அன்று வட்டவளையில் எப்படி இருந்திருப்பேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நீ எப்படி நின்றாய் என்றும் தெரிந்தது. நீ பேந்தப் பேந்த முழிக்கவில்லையடி. முழித்தது நான்தான், இத்தனை வருஷமும்.

காலை எடுத்தேன். நீ ஒரு ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பினாய், நான் ஒரு படியில் திரும்பினேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் நீ திரும்பி வந்தது உன்னால் தாங்க முடியாத பஸ்ஸில், அத்தனை வளைவையும் குடலைக் கக்கிக்கொண்டு. அதைச் செய்தவளிடம் நான் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காமல் எழுந்து வந்தேன். என்னை மன்னித்துக்கொள்.

"பஸ்ஸு மாறி ஏறப் போனீங்களாம்மா?" என்று பிரியா கேட்டாள். பயம் போய்ச் சிரிப்பு வந்திருந்தது அவளுக்கு. "பெரியம்மா மாதிரியே!"

"ஆமா, பெரியம்மா மாதிரியேதான்" என்றேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உள்ளே போகும் வாசலில் பாஸ்போர்ட்டைக் கேட்டாள். பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவள் வாங்க இழுத்தாள், வரவில்லை. மறுபடி இழுத்தாள். நான் கொடுக்கத்தான் நினைக்கிறேன், கை கேட்கவில்லை. கடைசியில் அவள் என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"விடுங்கம்மா, நேரமாச்சு."

விட்டேன்.