சைக்கிள் கார்மேல் இருந்தது

ஆகஸ்ட் 9, புதன்

ஒரு மணி நேரம் இருபது நிமிடம் நாற்பது நொடி. செமொன்சோவிலிருந்து கிராப்பா மலை உச்சி வரை, சைக்கிளில். கடிகாரத்தை நாலு முறை பார்த்துவிட்டேன், மாறவில்லை. போன வருடம் எல்வியோ ஜெயித்தது 1:21:05. நெரினாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் தம்பியான அவனிடம் தோற்றுக்கொண்டிருக்கிறேன், பதினொரு வருடம். வருகிற செப்டம்பர் 3, கிளப் போட்டியில் அதற்கு முடிவு.

வழியெல்லாம் காரில் பாடிக்கொண்டு வந்தேன். பாடிக்கொண்டே கராஜுக்குள் நுழைந்தேன்.

சைக்கிள் கார்மேல் இருந்தது.

ஆகஸ்ட் 10

சட்டகத்துக்கு ஒன்றுமில்லை. முன்சக்கரத்தைக் கழற்றி, அதைத் தாங்கும் கவையான ஃபோர்க்கின் கால்களைத்தான் காரின் மேல்கம்பியில் மாட்டியிருந்தேன். கராஜ் வாசலின் மேல்விட்டத்தில் மோதிய அடி அங்கே இறங்கிவிட்டது. இடது காலில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். நாணயத்தால் தட்டிப் பார்த்தேன்: டிக், டிக், டிக், பிறகு ஒரு டொக். ஃபோர்க் கார்பன் இழையால் ஆனது; கார்பன் செத்த இடம் அப்படித்தான் பேசும்.

கால்டினோவின் சைக்கிள் கடை பூட்டு. கதவில் சீட்டு: “28 வரை கடலில்.” ஃபோர்க் செய்கிற தொழிற்சாலையும் மாதக் கடைசி வரை மூடல், அதன் பிறகும் மூன்று வாரமாம். இந்த நாட்டில் ஆகஸ்ட் முழுக்க எல்லாருக்கும் விடுமுறை; அப்போது எதுவும் உடையக் கூடாது.

யாரிடமும் கேட்கவும் முடியாது. கேட்டால் எப்படி உடைந்தது என்பார்கள். சைக்கிளோடு கராஜில் இடித்தவன், நாங்கள் கூடும் இவானாவின் பாரில் ஒரு வருடம் குனிந்துதான் நுழைய வேண்டும் — எங்கள் கிளப் சட்டம். அந்த வாசலில் ஒட்டகச்சிவிங்கிகூட நிமிர்ந்து போகலாம். ஆனாலும் பல்தான் என்கிற நோட்டரி, அப்படி இடித்ததற்காக, வருடம் முழுக்க, கோட்டும் டையுமாக, குனிந்து வந்தார். அவரைப் பார்த்து அதிகம் சிரித்தது யார்? நான்தான்.

ஆகஸ்ட் 12

காலையில் ஒரு யோசனை வந்தது, உட்கார முடியவில்லை. இருபத்தாறு வருடமாகப் பல் செட் செய்கிறேன். பிசின், உலை, தேய்க்கிற கருவி எல்லாம் பட்டறையில் இருக்கிறது. நானே ஒட்டினால் என்ன? படகு ரிப்பேர் செய்கிற நண்பன் கார்பன் துணி கொடுத்துவிட்டான், என்ன ஏது என்று கேட்கவில்லை.

நெரினாவிடம் சொன்னேன்.

“பல்லு உடைஞ்சா ஆளு ரெண்டு நாள் சூப் குடிப்பான்,” என்றாள். “இது உடைஞ்சா நீ என்ன குடிப்ப?”

ஆகஸ்ட் 15

விடுமுறை விருந்து, எல்வியோ வீட்டில். இறைச்சியைப் புரட்டிக்கொண்டே கேட்டான்: “என்ன மச்சான், ஒரு வாரமா மலைப்பக்கம் ஆளக் காணோம்?”

“சைக்கிள் சர்வீஸ்ல இருக்கு.”

“கால்டினோ கடல்ல இருக்கான். யாரு பாக்குறா சர்வீஸ், மீனா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். காது சுட்டது.

ஆகஸ்ட் 18

முடிந்தது. என் கண்ணே பட்டுவிடும்போல இருக்கிறது. பெயிண்டைச் சுரண்டி, ஐந்து சுற்றுத் துணி, ஒவ்வொன்றையும் காற்றுக்குமிழ் இல்லாமல் அழுத்தி, உலையில் வேகவைத்து, தேய்த்து, அதே நீலம் பூசினேன். எங்கே ஒட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. இப்படி ஒரு வேலையை யாருடைய வாய்க்கும் நான் செய்ததில்லை!

ஆகஸ்ட் 20, ஞாயிறு

நெரினா முகம் கொடுத்தே பேசவில்லை. என் திட்டத்தை விளக்கினேன். போட்டி மேலே ஏறுவதோடு சரி. ஏறும்போது வேகம் கிடையாது, பிரேக் கிடையாது, ஃபோர்க்குக்குப் பெரிய வேலையே இல்லை. இறங்குவதுதான் ஆபத்து, அதற்கு அவள் காரைக் கொண்டு வந்தால் போதும்.

காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்: “ஜெயிச்சுட்டா?”

“என்ன?”

“ஜெயிக்கிறவன் கழுத்துல மாட்டுமணியக் கட்டிக்கிட்டு, எல்லாருக்கும் முன்னால இறங்கணும். நீ கார்லயா மணியடிச்சுக்கிட்டு வருவ?”

பதினொரு வருடமாக அந்த மணியின் பின்னால் இறங்கியவன் நான். அதை எப்படி மறந்தேன்? மறக்கவில்லை. நான் தோற்பேன் என்று வைத்துக்கொண்டுதான் திட்டம் போட்டிருக்கிறேன். உள்ளுக்குள் இன்னும் எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 24

பழைய இரும்பு சைக்கிளில் மலை ஏறினேன். 1:27. கால் தயார். கால் மட்டும் தயார்.

ஆகஸ்ட் 28, திங்கள்

கால்டினோ வந்துவிட்டான், மூக்குத் தோல் உரிய. ஃபோர்க்கைக் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அழகா இருக்கு. பல்லு கட்டணும்னா கண்டிப்பா உங்கிட்டதான் வருவேன்.”

“இதோட மலை இறங்கலாமா?”

“அறுத்துப் பாத்தாத்தான் தெரியும். அறுத்துட்டா இறங்க முடியாது.”

நெரினா கேட்ட “ஜெயிச்சுட்டா?” தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அறு என்றேன். ஒட்டிய இடத்தில் அறுத்தான். உள்ளே கருப்புக் கண்ணாடி மாதிரி, ஒரு ஓட்டை இல்லை. நல்ல ஃபோர்க்கைக் கெடுத்துவிட்டோமே —

“இன்னும் கொஞ்சம் மேல பாப்போம்,” என்று, இரண்டு காலும் சேரும் தோளில் அறுத்தான். அங்கே அடுக்குகள் பிரிந்து கிடந்தன, நனைந்த அட்டை மாதிரி. நகம் நுழைந்தது. வெளியே பெயிண்டில் ஒரு கீறல் கிடையாது. நான் பார்த்துப் பார்த்து ஒட்டியது ஒரு இடம், உடைந்திருந்தது வேறு இடம்.

இதில் இறங்கியிருப்பேனா? இறங்கியிருப்பேன். மணி கழுத்தில் இருந்தால் கண்டிப்பாக இறங்கியிருப்பேன்.

ஆகஸ்ட் 29

எல்வியோவிடம் போனேன். எங்களுடைய இரண்டும் ஒரே பட்டறையில் செய்த சைக்கிள்கள், அவன் ஃபோர்க் எனக்குப் பொருந்தும். உதிரி ஏதாவது இருக்கிறதா என்றேன்.

“உன்னோடது என்னாச்சு?”

பொய் தயாராகத்தான் இருந்தது. வாய்வரை வந்தது, அதற்குமேல் வரவில்லை. “கராஜ்ல இடிச்சுட்டேன். சைக்கிள் கார்மேல இருந்துச்சு.”

சிரிப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவன் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தான். புத்தம் புதிய ஃபோர்க், சிவப்பு, மேலே கைப்பிடி மாட்டுகிற தண்டு இன்னும் வெட்டப்படாமல்.

“இது எதுக்குடா உங்கிட்ட?”

“கெடக்கட்டுமேன்னு வாங்குனது. எடுத்துட்டுப் போ. யார்கிட்டயும் நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

என்னைத் தோற்கடிக்கிறவன் எனக்கே ஃபோர்க் கொடுக்கிறான். ஏதோ இருக்கிறது. என்னவென்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 31

கால்டினோ மூன்று முறை அளந்து, என் சைக்கிள் உயரத்துக்குத் தண்டை வெட்டினான். நான் மூச்சு விடவில்லை. நீல சைக்கிளில் சிவப்பு ஃபோர்க், கிளி மாதிரி இருக்கிறது. மலைச்சரிவில் இறங்கிப் பார்த்தேன், பிரேக்கை முழுசாகப் பிடித்தேன். ஒரு முனகல் இல்லை. போட்டிக்கு இன்னும் மூன்று நாள்!

செப்டம்பர் 3, ஞாயிறு

1:20:12. எல்வியோ 1:20:19.

கடைசி வளைவு வரை என் சக்கரத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தான். அவன் மூச்சு என் முதுகில் கேட்டது. எழுந்து நின்று மிதித்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. உச்சியில் மணியை அவனே என் கழுத்தில் கட்டினான். முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தான்.

இருபத்தெட்டு பேருக்கு முன்னால் இறங்கினேன். முதல் வளைவில் பிரேக்கை விடவே இல்லை. மூன்றாவதில் ஃபோர்க்கை மறந்துவிட்டேன். மணி நெஞ்சில் அடித்துக்கொண்டே வந்தது. இவ்வளவு சந்தோஷமாக எப்போது இருந்தேன் என்று நினைவில்லை.

கீழே நெரினா நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, முதலில் ஃபோர்க்கைக் குனிந்து பார்த்தாள். பிறகுதான் கட்டிப்பிடித்தாள்.

செப்டம்பர் 5

இவானாவின் பாரில் விருந்து. எல்லாரும் உள்ளே காத்திருந்தார்கள். நானும் எல்வியோவும் ஒன்றாகப் போனோம். எல்வியோவைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது, நிமிர்ந்தே போயிருக்கலாம். ஆனால் அந்தச் சிவப்பு ஃபோர்க்கோடு ஜெயித்துவிட்டு நோட்டரி பல்தானின் முகத்தில் எப்படி விழிப்பது?

மணியோடு குனிந்து நுழைந்தேன்.

சிரிப்பில் கூரை பறந்தது. பல்தான் நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினார். சட்டென்று சிரிப்பு அடங்கியது. எல்லாரும் எனக்குப் பின்னால் பார்த்தார்கள். திரும்பினேன்.

எல்வியோ குனிந்து வந்துகொண்டிருந்தான்.

“நீ எதுக்குடா?”

“நாலு வருஷத்துக்கு முன்னால நானும் கராஜ்ல இடிச்சேன், யார்கிட்டயும் சொல்லல,” என்றான், நிமிராமலே. “அப்பவே ரெண்டு ஃபோர்க் வாங்கிட்டேன். ஒண்ணு இடிச்சதுக்கு. இன்னொண்ணு இனிமே இடிக்கப்போறதுக்கு.”

வெளியே வரும்போது இவானா கதவை அகலமாகத் திறந்து பிடித்தாள். இரண்டு பேரும் குனிந்தே வந்தோம்.